நாலு சுற்று

மூன்று சைலன்சர்களையும் ஒரு பழைய பிளக்ஸ் பேனரின் மேல் வரிசையாகக் கிடத்திவிட்டு, "பாத்துட்டு இருங்க அம்மணி, ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றேன்" என்று நசீர் பாய் எதிர்க்கடைக்குப் போயிருக்கிறார். நான் அந்த மூன்றையும் பார்க்கவில்லை. என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் கோணிப்பைக்குள் கிடக்கிற நாலாவதை, அண்ணன் வண்டியின் பழையதைப் பார்க்காமல் இருப்பதிலேயே என் கண் முழுவதும் செலவாகிக்கொண்டிருக்கிறது. கோணியின் வாய் அவிழ்ந்து அதன் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மிதித்துப்போட்ட எவர்சில்வர் டம்ளர் மாதிரி ஒரு பக்கம் சப்பி, இன்னொரு பக்கம் மட்டும் வட்டமாக. அந்த வட்டத்துக்குள் இருட்டு. இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நசீர் பாய் வந்து, அளவு பார்ப்பதற்காக அதை உருவி, டார்ச் அடித்து எட்டிப் பார்த்தால் அவருக்கும் தெரிந்துவிடும். அவருக்குத் தெரிந்தால் அண்ணனுக்குத் தெரியும். அண்ணன் வீட்டில், கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைக்கப்பட்டு, ஒவ்வொரு சைலன்சரின் சத்தத்தையும் நான் ஃபோனில் பதிந்து அனுப்புவதற்காகக் காத்திருக்கிறான். வண்டி கடை வாசலில் நிற்கிறது. ஐந்து மாதத்துக்கு முன்னால் வால்பாறை மலைப்பாதை வளைவில் ஒரு வேனுக்கு அடியில் போன வண்டி. இப்போது புது ஹேண்டில்பார், புது முன்சக்கரம், இரண்டு பக்கமும் புது அலுமினியப் பெட்டிகள். எல்லாம் அவன் படுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தேர்ந்து வரவழைத்தவை. சைலன்சர் ஒன்றுதான் பாக்கி. அவனுடைய இடுப்புக்குக் கீழே மட்டும் எந்தப் புதுப் பொருளும் கிடைக்கவில்லை.

இப்படி யோசிக்கக் கூடாது. இப்படி யோசிக்கிறவள்தான் நான். வெளியே ஒரு வார்த்தை வராது, உள்ளே மட்டும் இப்படி வந்துகொண்டே இருக்கும். ஃபோனில் அவன் குரல் ஏற்கெனவே மூன்று துண்டாக வந்து கிடக்கிறது. "சுகி, ஃபோன பைப்புக்கு நேரா வெக்காத. பக்கவாட்டுல, ரெண்டடி தள்ளி. காத்து மோதுச்சுன்னா மூக்கு சிந்தற மாதிரிதான் கேக்கும்." அப்புறம், "பாய் எதையாச்சும் தள்ளிவுடப் பாத்தாருன்னா எங்கண்ணனக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லு. அவ்வளவாச்சும் வாயத் தொறப்பியா ஊமச்சி?" அப்புறம் சிரிப்பு மட்டும். ஊமச்சி என்பது நான் ஆறாவது படிக்கும்போது அவன் வைத்த பெயர். ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, "உனக்குன்னே கட்டுன எடம்டி. பேசுனா ஃபைன் போடுவாங்க" என்றான். நான் பேசமாட்டேன், பார்ப்பேன். பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொள்வேன். அம்மா ரசத்துக்கு எப்போது அடுப்பை அணைக்கிறாள், அப்பா பொய் சொல்லும்போது மூக்குக்கண்ணாடியை எப்படித் துடைக்கிறார், எல்லாம் தெரியும். போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அப்பாவிடம், "இதுக்கு மேல எதிர்பார்க்க வேண்டாம் சார், வீல்சேருக்குப் பழக்குங்க" என்று சொன்னபோதும் அப்பா கண்ணாடியைத்தான் துடைத்தார். துடைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அவங்கிட்ட இப்ப வேண்டாம் கண்ணு" என்றார். என்னிடம் அதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. யாரிடமும் எதையும் சொல்லாத பெண்ணிடம் ரகசியத்தைக் கொடுப்பது கிணற்றில் கல்லைப் போடுவது மாதிரி. கல் கீழே போய்க் கிடக்கும். கிணறு என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை.

கடையின் கண்ணாடிக் கதவில் ஒரு ஸ்டிக்கர். சத்தமான வண்டி உயிரைக் காக்கும் என்று ஆங்கிலத்தில், கீழே ஒரு மண்டையோடு. இதே ஸ்டிக்கர் அண்ணனுடைய பழைய பெட்டியிலும் இருந்தது. தூரம் போகிற வண்டிக்காரர்கள் எல்லோரும் இதை நம்புகிறார்கள். நம்பிக்கை என்றுகூடச் சொல்ல முடியாது, கணக்கு மாதிரி சொல்வார்கள். மலைவளைவில் எதிரே வருகிறவனுக்கு உன்னைக் கண்ணால் தெரியாது, காதால்தான் தெரியும், ஹாரன் அடிக்கிற கை பிரேக்கில் இருக்கும், அதனால் வண்டியே ஹாரனாக இருக்க வேண்டும். அண்ணன் இதை அம்மாவிடம் சாப்பாட்டுத் தட்டை வைத்தே விளக்கினான். தட்டு மலை, ரசக் கிண்ணம் லாரி, அவன் ஒரு அப்பளத் துண்டு. அம்மா, "அப்பளத்தத் தின்னுட்டு எந்திரி, நமத்துப்போகுது" என்றாள். இப்போது வாங்குகிற வண்டிகளில் சத்தம் பூனை மாதிரி இருக்கும் என்பதால் கடையில் வேறு சைலன்சர் வாங்கி மாட்டுவார்கள். அதற்குள் சத்தத்தை அடக்க ஒரு சாண் நீளத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு சின்னக் குழாய் செருகியிருக்கும். ஒற்றைத் திருகாணியில் நிற்கும். டிபி கில்லர் என்பார்கள். போலீஸ் பிடித்தால் காட்டுவதற்காக அது. அண்ணன் வாங்கி வந்த அன்றே வாசலில் குந்தி, ஆலன் கீயால் அந்த ஆணியைத் திருகிக் கழற்றி, குழாயை உருவித் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி டூல் டிராயரில் போட்டான். அப்புறம் ஸ்டார்ட் செய்தான். தெருவே திரும்பிப் பார்த்தது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்ற எத்தனை சுற்று என்பதையும் பார்த்தேன். நாலு.

நசீர் பாய் வந்துவிட்டார். லுங்கியை மடித்துக்கட்டி முதல் சைலன்சரை எடுக்கிறார். குட்டையானது, கறுப்பு. பழையதைத் தொடவில்லை. "இது இப்ப நொம்பப் போகுதுங்க அம்மணி. காலேஜ் பசங்க எல்லாம் இதுதான்." வண்டியில் மாட்டி ஸ்டார்ட் செய்கிறார். நான் பக்கவாட்டில், இரண்டடி தள்ளி, சொன்னபடி. கட்டைவிரல் பதிவுப் பொத்தானை அழுத்தியபடி. விட்டால் போய்விடும். பத்து விநாடி. அனுப்பியதும் பதில் வருகிறது. "ஐய, தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டற மாதிரி இருக்குது. பாய்கிட்ட சொல்லு, நான் படுத்துத்தான் கெடக்கறேன், காது படுக்கலன்னு." நான் ஒலிபெருக்கியில் போட்டதால் பாயும் கேட்டுவிட்டார். பலமாகச் சிரிக்கிறார். "தம்பிக்குக் குசும்பு மட்டும் போகல பாருங்க. எந்திரிச்சு வந்து இவரே ஓட்டிக் காட்டுவாரு, இன்ஷா அல்லா." நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறேன். அவனுடைய காது. அதைப் பற்றி யாராவது என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம். இல்லை, எனக்குத் தெரிந்ததுதான். பம்ப் செட் கம்பெனியில் அவனுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவான். வீட்டு மிக்சியைக்கூட அப்படிக் கேட்டிருக்கிறான். இப்போது இது ஏன் ஞாபகம் வருகிறது? ஏதோ ஒன்று இதில் இருக்கிறது, முள் மாதிரி, இழுத்தால் வரவில்லை.

பக்கத்து வீட்டு ரேணுகா அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். இருபது நாள் குழந்தை. விபத்துக்கு முந்தைய நாள், சனிக்கிழமை காலையில் துணி காயப்போடும்போது ரேணுகா அக்கா மதிற்சுவர் மேலாக என்னைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவைப் பிடிக்கமாட்டாள், அம்மா திருப்பிக் கொடுப்பாள். அண்ணனைப் பிடிக்கமாட்டாள், அவன் சிரித்தே மழுப்பிவிடுவான். "ஏன் சுகிர்தா, உங்கண்ணன் வண்டி எடுத்தான்னா தூளியில கெடக்கற புள்ள தூக்கிவாரிப்போட்டு அழுகுது. பச்ச ஒடம்பு. நீ படிச்ச புள்ள, நீயாச்சும் சொல்லக் கூடாதா?" நான் சரிங்கக்கா என்றேன். சரி என்பது எனக்கு மிகச் சுலபமாக வரும் சொல். அதற்கப்புறம்தான் கஷ்டம். அவனிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் சிரிப்பான், ஊமச்சி நாட்டாமை பண்ண வந்துட்டா என்பான். சொல்லாவிட்டால் மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு வால்பாறைக்குக் கிளம்பும்போது குழந்தை அழும், ரேணுகா அக்கா மதிற்சுவரில் காத்திருப்பாள். பகல் முழுக்க இந்த இரண்டு முகங்களுக்கும் நடுவில் நான் நடந்துகொண்டிருந்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு அவன் தூங்கினான். டூல் டிராயரைத் திறந்தேன். செய்தித்தாளைப் பிரித்தேன். பேச வேண்டியதில்லை, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. குழாயைச் செருகி, ஆணித் துளைக்கு நேராக வரும்வரை லேசாகத் திருப்பி, பெருவிரலால் அழுத்திப் பிடித்து, நாலு சுற்று. என் வாழ்க்கையில் நான் ஒருவருக்குச் சொன்ன மிகத் தெளிவான பதில் அது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சந்தோஷமாக இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"இதக் கேளுங்க. எஸ்எஸ் பைப்பு. துருப் புடிக்காது, தம்பி மாதிரி தூரம் போறவிங்களுக்கு இதான்." இரண்டாவது. நீளமானது, மங்கிய வெள்ளி நிறம். பாய் கில்லரோடுதான் ஸ்டார்ட் செய்கிறார். தாழ்ந்த ஒரு சத்தம், தரைக்குக் கீழே யாரோ உருளையை உருட்டுவது போல. என் பற்களில் தெரிகிறது. அன்றைக்கு விடிகாலையும் இப்படித்தான் ஒரு சத்தம் கேட்டது. போர்வைக்குள் விழித்துக்கொண்டு படுத்திருந்தேன். கேட்டைத் திறக்கிற சத்தம். ஸ்டார்ட். வழக்கமான வெடிப்பு இல்லை, இந்த உருளைச் சத்தம். உடனே அணைத்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஸ்டார்ட் செய்தான். இரண்டு முறை முறுக்கினான். அப்படியே நின்று ஒரு நிமிடம் ஓடவிட்டான். என்ஜின் சூடாகட்டும் என்று நிற்கிறான் என நினைத்தேன். கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்கவில்லை என்று போர்வைக்குள் சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீட்டில் குழந்தை அழவில்லை. அவன் போனான். ஒன்பதே காலுக்கு அப்பாவின் ஃபோன் அடித்தது. வேன் டிரைவர் போலீசிடம் சொன்ன வாக்குமூலத்தை அப்பா பத்து நாள் கழித்து வீட்டில் சொன்னார். "வளைவுல திரும்பற வரைக்கும் சத்தமே கேக்கலீங்க சார்." அம்மா அழுதாள். நான் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்தேன். சத்தமே கேக்கலீங்க சார். எல்லா டிரைவரும் அப்படித்தான் சொல்வார்கள். ஜன்னலை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்திருப்பான். வளைவில் ஹாரன் அடிக்காமல் வலப்பக்கம் ஏறி வந்தவன் அவன்தான், போலீசே எழுதியிருக்கிறது. ஆனாலும் கேக்கலீங்க சார். கேட்டிருந்தால் ஒரு அடி. ஒரே ஒரு அடி ஒதுக்கியிருந்தால். இந்த ஒரு அடியை நான் ஐந்து மாதமாக அளந்துகொண்டிருக்கிறேன். நூலகத்தில் புத்தக அடுக்குகளுக்கு நடுவே அளக்கிறேன், பஸ்ஸில் அளக்கிறேன், அவனுக்குச் சிறுநீர்ப் பையை மாற்றும்போது அளக்கிறேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஊமச்சி, கை ஏன்டி இப்படி நடுங்குது, எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்பான்.

பதில் வந்துவிட்டது. "ம். இது பரவால்ல. அடிவயித்துலருந்து வருது. மூணாவதையும் போடச் சொல்லு, பாத்தர்லாம்." அவனுக்கு அவசரமே இல்லை. இன்னும் முப்பது சைலன்சர் இருந்தாலும் முப்பதையும் கேட்பான் என்று தோன்றுகிறது. மாட்ட வேண்டியது எல்லாம் முடிந்துபோனால் அப்புறம் என்ன? அதுதான் எனக்குப் பயம். வண்டி முழுதாகிவிடும், பெட்ரோல் போட்டு வாசலில் நிறுத்துவோம், சாவி அவன் கையில் இருக்கும். பாய் மூன்றாவதை எடுக்கிறார். விரலை வைத்துக்கொள்கிறேன், பதிவு ஓடத் தொடங்குகிறது. ஸ்டார்ட் செய்கிறார். உடனே பிசிறு, காற்று எங்கோ கசிகிறது. "இருங்க இருங்க" என்று அணைக்கிறார். "இதோட வாய் சைசு வேற. பழசு கொண்டாந்தீங்கல்ல, அத அளந்து பாத்தர்லாம்." வேண்டாங்க என்று சொல்ல வேண்டும். ரெண்டாவதே போதுங்க என்று சொல்ல வேண்டும். போன மாதம் மெக்கானிக் ஷெட்டில் தனியாக இருந்த ஐந்து நிமிடத்தில் இதைக் கழற்றப் பார்த்தேன். ஆணியின் தலை நசுங்கிப்போய் ஆலன் கீ உட்காரவில்லை. விரல் நகம் பிய்ந்ததுதான் மிச்சம். பாய் கோணியை உருவுகிறார். அதைத் தூக்கி, முன்பக்கம் பார்க்கிறார், நாடாவை வைத்து அளக்கிறார். அவ்வளவுதான், கீழே வைத்துவிடுங்கள், அளந்தாயிற்று. அவர் ஒரு மெக்கானிக். கையில் எடுத்த பொருளைத் திருப்பிப் பார்க்காமல் அவரால் வைக்க முடியாது. திருப்புகிறார். சப்பிப்போன நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கிறார். "அட! உள்ளார கில்லர் இருக்குதே! ஏனுங்க அம்மணி, தம்பி ஓபன்லதான் ஓட்டுவேன், கில்லரத் தொடக்கூட மாட்டேன்னு சொல்லுமே? யாரு போட்டாங்க இத?" என் கட்டைவிரல் அப்போதுதான் ஞாபகம் வருகிறது. அது பொத்தானை விட்டுவிட்டது. அனுப்பப்பட்டது என்று ஃபோன் சின்னதாக ஒரு சத்தம் போடுகிறது.

இருபத்தெட்டு விநாடி. ஒரு டிக். அழித்துவிடலாம். எல்லோருக்கும் அழி என்று ஒரு வழி இருக்கிறது, அழுத்திப் பிடித்தால் வரும். விரலை வைக்கிறேன். இரண்டு டிக். அழித்தால் என்ன அழித்தாய் என்று கேட்பான். அழிக்காவிட்டால் கேட்கவே வேண்டாம். விரல் அங்கேயே இருக்கிறது, இப்போதும் இரண்டு முகங்களுக்கு நடுவில், நான் எப்போதும் இருக்கிற இடத்தில். டிக் நீலமாகிறது. அப்புறம் மைக் குறியும் நீலமாகிறது. கேட்கிறான். இந்த நொடியில் எங்கள் வீட்டு அறையில், ஃபேனுக்குக் கீழே, நசீர் பாயின் குரல், யாரு போட்டாங்க இத. பாய் பழைய சைலன்சரைக் குப்புறத் தட்டிக்கொண்டிருக்கிறார், கரி கொட்டுகிறது. வெளியே ஒருவன் சீட் கவர் தைக்கிறான், மிஷின் கடகடக்கிறது. ஃபோனில் அவன் பெயருக்குக் கீழே, பேசிக்கொண்டிருப்பதாகக் காட்டுகிறது. நிற்கிறது. மறுபடி காட்டுகிறது. நிற்கிறது. ஏதோ பேசி, அழித்து, பேசுகிறான். ஐந்து மாதமாக நான் எழுதி எழுதி அழித்த அதே கட்டத்தில் இப்போது அவன். பதினோரு விநாடியில் ஒரு துண்டு வந்து விழுகிறது. ஒலிபெருக்கியை அணைத்துக் காதோடு வைத்துக்கொள்கிறேன். ஸ்க்ரூ டிரைவரை வைப்பது மாதிரி.

"தெரியும் சுகி. அன்னிக்கு வாசல்ல ஸ்டார்ட் பண்ணப்பவே தெரியும். பச்சப் புள்ள தூங்குதே, ஊரத் தாண்டிக் கழட்டிக்கலாம்னு வுட்டுட்டேன். அப்புறம் மறந்துபோச்சு. அவ்வளவுதான்."

மறுபடி கேட்கிறேன். தெரியும் சுகி. முள் இப்போது முழுதாக வெளியே வருகிறது. மிக்சியின் பேரிங்கைக் கேட்டவனுக்கு, தன் வண்டியின் குரல் மாறினால் தெரியாதா? அணைத்தான், மறுபடி போட்டான், இரண்டு முறை முறுக்கினான், ஒரு நிமிடம் நின்றான். என்ஜின் சூடாவதற்கு அல்ல. கேட்டுக்கொண்டிருந்தான். போர்வைக்குள் நான் அவனைக் கேட்டுக்கொண்டிருந்த அதே நிமிடத்தில். அப்படியென்றால் இந்த ஐந்து மாதமும் தெரிந்துகொண்டே படுத்திருந்தான். நான் சோறு ஊட்டும்போது தெரியும், பையை மாற்றும்போது தெரியும், கை ஏன் நடுங்குது என்று கேட்டபோது ஏன் நடுங்குகிறது என்று தெரியும். இது மன்னிப்பா, இல்லை நானே வந்து சொல்கிறேனா பார்க்கலாம் என்று காத்திருந்தானா? அல்லது. இந்த அல்லது வராமல் இருந்திருக்கலாம். அல்லது அவனுக்குத் தெரியவே தெரியாது. அரைத் தூக்கத்தில், குளிரில், ஹெல்மெட்டுக்குள் பஞ்சு அடைத்த காதோடு கிளம்பியவன் கவனிக்கவே இல்லை. சற்று முன்னால்தான், இருபத்தெட்டாவது விநாடியில்தான் தெரிந்தது. இரண்டு முறை பேசி அழித்தானே, அதற்குள் இந்தக் கதையை எனக்காகக் கட்டினான். அவன் கெட்டிக்காரன், தட்டையும் அப்பளத்தையும் வைத்து மலையையே கட்டியவன். குழந்தை எல்லோருக்கும் தெரிந்த குழந்தை. மறந்துபோச்சு என்கிறான், அவனா மறப்பான்? கழற்ற ஒரு ஆலன் கீ போதும், சீட்டுக்கு அடியிலேயே இருக்கும், டீ குடிக்க நிறுத்திய இடத்தில் கழற்றியிருக்கலாம். கேட்டருகே நின்ற அந்த ஒரு நிமிடம் இரண்டுக்கும் பொருந்துகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்துகிறது. கேட்டால் தெரியும். கேட்டாலும் தெரியாது, அவன் முதலில் சொன்னதையே திரும்பச் சொல்வான். இனிமேல் எனக்கு இது தெரியவே போவதில்லை. விடுதலை என்று ஒன்று வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. கல் அப்படியே இருக்கிறது, கிணறுதான் இரண்டாகிவிட்டது.

ஃபோன் அடிக்கிறது. அவன்தான், அழைப்பு. எடுக்கிறேன். "ரெண்டாவதே மாட்டச் சொல்லு" என்கிறான். குரலில் எதுவுமில்லை. நான் தேடுகிறேன், எதுவுமில்லை. "ஆனா கில்லரக் கழட்டிட்டு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. ஓபன்ல ஒருக்கா கேக்கோணும். லைன்லயே இருக்கறேன்." நான் பாயிடம் சொல்கிறேன். முதல் முறை அவருக்குக் கேட்கவில்லை, இரண்டாம் முறையும் சொல்கிறேன். அவர் மாட்டி, கில்லரை உருவி என் கையில் கொடுக்கிறார். புதுசு, எண்ணெய்ப் பிசுக்கோடு குளிர்ச்சியாக இருக்கிறது. ஸ்டார்ட். கடையின் கண்ணாடிக் கதவு நடுங்குகிறது, மண்டையோடு நடுங்குகிறது. சீட் கவர் தைப்பவன் காலை நிறுத்திவிட்டுத் திரும்புகிறான். பாய் முறுக்குகிறார். இதுதான் அது. பழைய குரல், தெருமுனையில் வரும்போதே அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிற குரல். ஃபோனைப் பக்கவாட்டில், இரண்டடி தள்ளி நீட்டிப் பிடித்திருக்கிறேன். என் குரல் எனக்கே கேட்காத இடம் இது. "அண்ணா, நான்தான் போட்டேன்" என்கிறேன். "நான்தான்." வாய் அசைவது மட்டும் தெரிகிறது. அவனும் அந்தப் பக்கம் ஏதாவது சொல்லியிருக்கலாம், அழுதிருக்கலாம், அலறியிருக்கலாம். திரையில் விநாடிகள் மட்டும் ஓடுகின்றன. பாய் அணைக்கிறார். காதுக்குள் ஒரு விசில் நிற்கிறது. ஃபோனைக் காதில் வைக்கிறேன். மூச்சுச் சத்தம்.

"நல்லாருக்குதா?" என்று நான்தான் கேட்கிறேன்.

"ம்."

அப்புறம் அவனே, "போதும். கில்லரப் போட்டுறச் சொல்லு."

"ஏண்ணா? உனக்கு ஓபன்தானே…"

"இந்தச் சத்தத்துக்கு நீ பயந்து நட்டநடு ரோட்டுல வண்டியப் போட்டுட்டு ஓடிருவ."

"நானெங்க ஓட்டப்போறேன்?"

"பின்ன யாரு, நானா?"

வைத்துவிட்டான். திரை அணைந்து அதில் என் முகம் தெரிகிறது. அப்பா வியாழக்கிழமையிலிருந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் காப்பாற்றி வருவது அவனுக்கு எப்போது தெரிந்தது? புதுப் பெட்டிகள் வந்த அன்றா? அதற்கும் முன்னாலா? எல்லாப் பொருளையும் யாருக்காகத் தேர்ந்துகொண்டிருந்தான்? பிறகு யோசிக்கலாம், இதற்கெல்லாம் ஆயுள் இருக்கிறது. "என்னங்க சொல்றாரு தம்பி?" என்கிறார் பாய். "போட்டே குடுத்துருங்க" என்கிறேன். "அப்பிடியா? அதிசயந்தான்" என்று கிளாம்பை இறுக்கிக்கொண்டே, "எனக்கு ரெண்டு கையும் இங்க மாட்டிக்கிச்சு அம்மணி. அதச் செருகி மட்டும் புடிங்க, நான் வந்து ஆணியப் போட்டுக்கறேன்" என்கிறார். நான் வண்டிக்குப் பின்னால் குந்துகிறேன். சைலன்சர் இன்னும் சுடுகிறது. குழாயைச் செருகுகிறேன். துளைக்கு நேராக வரும்வரை லேசாகத் திருப்புகிறேன். பெருவிரலால் அழுத்துகிறேன், தோல் சுடுகிறது, எடுக்கவில்லை. ஆணி பேனரின் மேல் கிடக்கிறது, பக்கத்தில் ஆலன் கீ. அவர் வரட்டும் என்று இருந்திருக்கலாம். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதில் அது தானாகவே நின்றுகொள்கிறது, அன்றைக்கு நின்ற மாதிரியே. நிமிர்ந்தால் நசீர் பாய் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

"அடடே, பழகின கை மாதிரியல்ல இருக்குது அம்மணி!"

"ஆமாங்க" என்கிறேன். அவருக்குக் கேட்கும்படியாகவே சொல்கிறேன்.